அகல உழுதலும் ஆழ உழுதலும்: இளங்கலை ஆய்வேடு குறித்து ஒரு திறனாய்வு

பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவர் தம் இறுதியாண்டில் எழுதி அளிக்கும் சிறு நூலை ஆய்வேடு என்கிறோம். மலேசிய மாணவரிடையே அதற்கு ‘லத்தீஹான் இல்மியா’ என்னும் மலாய்ப் பெயர் பெரிதும் வழங்குகிறது. அறிவுத்துறைப் பயிற்சி என்பது அத்தொடரின் பொருள். ஆசிரியர் கல்விக் கழகங்களில் பயில்வோர் இதனையொத்த ஒரு பணியைச் செயலாய்வு என்னும் பெயரால் செய்கின்றனர். பெயர் வேறாயினும் நோக்கம் ஒன்றே. பிறர் எழுதியதைக் கற்றுத் தேர்வெழுதி வந்த மாணவர், தாமே ஒன்றைக் கண்டறிந்து அதனைச் சான்றுடன் நிறுவிக் காட்டுவதற்கு வாய்க்கும் முதல் கட்டம் அது.

பயிற்சி என்னும் பெயரைக் கொண்டு இதனை எளிதாகக் கருதிவிடுவோர் உளர். அது பொருந்தாது. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பத்து நூல்களேனும் கிடைக்கும். நம் நாட்டு எழுத்தாளர் பலரைப் பற்றி ஒரு நூலும் இல்லை. அத்தகைய எழுத்தாளர் ஒருவரைப் பற்றி, அல்லது மறைந்துபோன ஓர் இதழைப் பற்றி, மாணவர் ஒருவர் எழுதிய பயிற்சியேடே பின்வருவோர்க்கு முதற்சான்றாக அமைந்துவிடுகிறது. அவ்வேடு பிழைபட்டால் அப்பிழையே வரலாறாக நிலைத்துவிடும். ஆகவே, இளங்கலை ஆய்வேட்டினை எவ்வாறு திட்டமிட்டு எழுதுவது என்பது மாணவரின் மதிப்பெண்ணைச் சார்ந்த சிக்கல் மட்டும் அன்று. மலேசியத் தமிழ் இலக்கியத்தின் நினைவைச் சார்ந்த சிக்கலும் ஆகும்.

இன்றைய ஆய்வேடுகளில் காணும் குறைகளுக்கு மாணவரின் மொழியறிவுக் குறைவையும் உழைப்புக் குறைவையும் காரணமாகக் காட்டுவது வழக்கம். இரண்டும் ஓரளவு உண்மையே. ஆயினும் அடிப்படைக் குறை வேறிடத்தில் உள்ளது. நம் ஆய்வேடுகள் தலைப்போடு தொடங்குகின்றன, கேள்வியோடு தொடங்குவதில்லை. இதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்து.

நாம் பெற்ற உரிமை

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில் தோன்றியது. அத்துறையில் முதலிடம் வடமொழிக்கா தமிழுக்கா என்னும் வழக்கு அக்காலத்தில் எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழின் சார்பில் வாதாடியதோடு அமையாமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதியும் திரட்டினார். தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட எளிய மக்கள் தத்தம் சிறு தொகையை அந்நிதிக்கு ஈந்தனர். தம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுவர் என்னும் உறுதி இல்லாத நிலையிலும் தமிழ் புகவேண்டும் என்று விரும்பியவர்கள் அவர்கள்.

1961இல் அத்துறைக்கு வந்து 1960களில் அதற்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகள், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அதே ஆண்டில், தமிழியல் தொடர்பாக வந்த நூல்களைத் தொகுத்துக் காட்டும் ஆய்வுத் துணைநூல் ஒன்றை மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். மாநாட்டின் ஆரவாரம் நினைவில் நிற்கும் அளவுக்கு அத்துணைநூல் நம் நினைவில் நிற்கவில்லை. ஆய்வு செய்வோனுக்கு எது முதலில் தேவை என்பதை அடிகள் அறிந்திருந்தார் என்பதற்கு அந்நூலே சான்று. தமக்கு முன் எவரெவர் என்னென்ன எழுதினர் என்பதை அறியாமல் எழுதுவது ஆய்வாகாது.

ஏழைத் தொழிலாளரின் வெள்ளியும் பேரறிஞரின் உழைப்பும் சேர்ந்து நமக்கு ஈட்டித் தந்த உரிமை இது. அவ்வுரிமையை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

தலைப்பின் அகலம்

‘இன்னாரின் படைப்புகள்: ஓர் ஆய்வு’, ‘இன்னாரின் கவிதைகளில் சமுதாயச் சிந்தனைகள்’, ‘மலேசியச் சிறுகதைகளில் பெண்கள்’ என்றாற்போலும் தலைப்புகள் நமக்குப் பழகிப்போனவை. இவற்றின் கீழ் எழுதப்படும் ஏடு எவ்வாறு அமையும் என்பதைப் படிக்காமலே கூறிவிடலாம். முதல் இயல் ஆசிரியர் வரலாறு; இரண்டாம் இயல் இலக்கிய வகையின் தோற்றமும் வளர்ச்சியும்; மூன்றாம் இயல் கதைச் சுருக்கங்கள்; நான்காம் இயல் உவமை, வருணனை, நடை; இறுதியில் ஒரு பாராட்டுரை. அந்த எழுத்தாளரின் பெயரை நீக்கிவிட்டு வேறொருவர் பெயரை இட்டாலும் ஏட்டின் அமைப்பில் மாற்றம் தேவைப்படாது. எவர்க்கும் பொருந்தும் அளவில் தைக்கப்பட்ட சட்டை எவர்க்கும் பொருந்தாது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

அகல உழுவதினும் ஆழ உழுவதே மேல் என்பது உழவர் மொழி. ஆய்வுக்கும் அதுவே விதி. ஒரு நிலத்தைப் பலர் உழலாம். எங்கே, எதற்காக உழுகிறோம் என்பதே ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்தும். சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளை எடுத்துக் கொள்வோம். மு. வரதராசனார் அப்பொருளை ஆராய்ந்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தனிநாயக அடிகளும் பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கையையே ஆராய்ந்தார். பொருள் ஒன்றாயினும் நூல்கள் இரண்டாயின. அடிகள் மேலை நாட்டுச் செவ்வியல் மொழிகளையும் அறிந்தவராதலின், அவ்விலக்கியங்களின் இயற்கைப் பாடல்களோடு தமிழை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பினைப் பெற்றார். பொருள் பொதுவானது, நோக்கே தனியுரிமையுடையது.

கோலாலம்பூரில் 1933இல் பிறந்து, பின்னர் யாழ்ப்பாணத்தில் பயின்ற க. கைலாசபதியின் ஆய்வு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக 1968இல் வெளிவந்தது. சங்கப் பாடல்கள் பாணர் மரபின் வழிவந்த வாய்மொழிப் பாடல்கள்தாமா என்பதே அந்நூலின் நடுநாயகமான கேள்வி. கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு அவர் ஆம் என விடை கண்டார். பின்னர் 1975இல் வெளிவந்த தம் நூலில் ஜார்ஜ் ஹார்ட், அப்பாடல்களை இயற்றிய புலவர் எழுத்தறிவுடையோர் என்றும், பாணரின் வாய்மொழி மரபைத் தழுவி அவர்கள் பாடினர் என்றும் வேறுபட்ட கருத்தை நிறுவ முற்பட்டார். யார் கூற்று சரி என்பது இங்கு நம் வினா அன்று. கைலாசபதி தெளிவான ஒன்றைக் கூறியதால்தான் அதனை மறுப்பதும் இயன்றது. மறுக்க இயலாத கூற்றினால் ஆய்வுலகிற்கு யாதொரு பயனும் இல்லை. ‘இன்னார் சமுதாய அக்கறையுடைய எழுத்தாளர்’ என்னும் முடிவை யார் மறுப்பர்? மறுப்பவர் இல்லாததனாலேயே அம்முடிவைக் காண ஓராண்டு உழைத்திருக்க வேண்டியதில்லை என்பதும் புலனாகிறது.

முனைவர் பட்ட ஆய்வுகளை இளங்கலை மாணவர்க்குக் காட்டுவது தகுமா எனச் சிலர் வினவக்கூடும். அளவில் அவர்களைப் பின்பற்றுமாறு யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் முறையிலேயே பின்பற்றுதல் வேண்டும். இன்னும் சொல்லப்போனால், காலமும் பக்கமும் குறைவாக உடைய இளங்கலை மாணவர்க்கே குறுகிய கேள்வி மிகுதியும் தேவை.

பாயிரம் ஒரு வரைபடம்

ஆய்வினைத் திட்டமிடும் முறையை மேனாட்டு நூல்களிலிருந்தே கற்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அவற்றைக் கற்பது நன்றே. ஆயினும் தமிழ் மாணவர் தம் இலக்கண வகுப்பில் ஏற்கெனவே படித்த ஒன்றை மறந்துவிடுகின்றனர். சீயகங்கன் வேண்டுகோளை ஏற்றுப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. நூலாசிரியன் யார், நூல் எவ்வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, அதன் பெயர் யாது, எவ்வாறு கட்டப்பட்டது, எதனைப் பற்றியது, யார் கேட்பதற்குரியது, அதனால் விளையும் பயன் யாது என எட்டுச் செய்திகள் அங்குச் சுட்டப்படுகின்றன. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்பதையும் நன்னூல் கூறுகிறது.

தேர்வுக்காக மனப்பாடம் செய்த இப்பகுதியை ஆய்வேட்டின் வரைபடமாகக் கொண்டு பார்த்தால் அதன் அருமை விளங்கும். வழி என்பது முன்னோர் ஆய்வுகள். எல்லை என்பது ஆய்வுப் பரப்பு. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை கதைகள், எந்த இதழ் என வரையறுப்பது. யாப்பு என்பது இயல்களின் அமைப்பு. நுதலிய பொருள் என்பது ஆய்வுக் கேள்வி. கேட்போர் யார் என்று எண்ணிப் பார்த்தால், தேர்வாளர் ஒருவருக்காக மட்டும் எழுதும் பழக்கம் நீங்கும். பயன் என்பதை எண்ணினால், இவ்வேட்டினால் முன்பு அறியப்படாத எது அறியப்பட்டது என்னும் கேள்வி எழும். இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு வாக்கியத்தில் விடை எழுத இயலாத மாணவர் இன்னும் எழுதத் தொடங்கும் நிலையை அடையவில்லை எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

கொள்கையை மட்டும் கூறிச் செல்வதினும் ஒரு தலைப்பை எடுத்துச் சுருக்கிக் காட்டுவது மாணவர்க்குப் பயன்படும். பினாங்கில் வாழும் ஒரு மாணவர் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலை ஆராய விரும்புகிறார் என்று கொள்வோம். 1972இல் வெளிவந்த அந்நாவல், இரண்டாம் உலகப் போர்க்காலத்து மேடான் நகரையும் பினாங்கையும் களமாகக் கொண்டது. அதன் ஆசிரியர் இளமையில் மேடானில் வாழ்ந்தவர்.

‘புயலிலே ஒரு தோணி: ஓர் ஆய்வு’ என்பது மாணவரின் முதல் தலைப்பாக இருக்கும். இது ஒரு கடல். இதில் இறங்கினால் கரை காண முடியாது. ‘புயலிலே ஒரு தோணியில் புலம்பெயர்ந்தோர் வாழ்வு’ என்பது அடுத்த முயற்சி. சற்றுக் குறுகியுள்ளது; ஆயினும் கதைச் சுருக்கத்திற்கே மீண்டும் இட்டுச் செல்லும். ‘புயலிலே ஒரு தோணியின் மொழிநடை’ என்பது மூன்றாவது. இப்போது நிலம் தெரியத் தொடங்குகிறது. எனினும் நடை என்பது இன்னும் பெரிய சொல். நாவலைப் படிக்கும் எவரும் இருவகைச் சொற்களைக் கவனிக்கத் தவறார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என வருகின்ற வட்டித்தொழிற் சொற்கள் ஒருவகை. மலாய் முதலிய இவ்வட்டார மொழிகளிலிருந்து வந்தவை மற்றொரு வகை. இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது: இவ்வட்டாரச் சொற்கள் பாத்திரங்களின் உரையாடலில் மட்டும் வருகின்றனவா, ஆசிரியர் தம் கூற்றாகக் கதையை நடத்தும் இடங்களிலும் வருகின்றனவா?

இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் விடை சிறியதன்று. உரையாடலில் மட்டும் அவை வருமாயின், ஆசிரியர் அவற்றை வட்டார வண்ணமாகப் பயன்படுத்தினார் என்று கருத இடமுண்டு. கதைசொல்லியின் கூற்றிலும் அவை இயல்பாகக் கலந்து வருமாயின், தமிழ் உரைநடையின் எல்லையையே அவர் கடல் கடந்து நகர்த்தினார் என்று வாதிடலாம். இவ்விரண்டில் எது உண்மை என்பதை எண்ணிப் பார்த்தே கூற முடியும். எண்ணுவது இளங்கலை மாணவரின் ஆற்றலுக்கு உட்பட்டதே. விடையை இங்கே கூறிவிடுவது முறையாகாது. அது மாணவர் கண்டறிய வேண்டியது.

இனி, பணியைப் பகுத்துக்கொள்வது எளிது. இரண்டு பருவங்களுக்குமாக 28 வாரங்கள் உள்ளன என்று கொண்டால், முதல் 6 வாரங்களில் நாவலை இருமுறை படித்துக் கேள்வியை உறுதி செய்யலாம். அடுத்த 10 வாரங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். சொல், பக்கம், கூறுவோர், சூழல், பொருள் ஆகிய ஐந்தும் அட்டையில் இடம் பெறுதல் வேண்டும். அட்டைக்கு மாற்றாகக் கணினியைப் பயன்படுத்துவோர் பயன்படுத்துக. பதிவு செய்யும் ஒழுங்கே முக்கியம். ஒவ்வொரு சொல்லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் இடம் பெற்றுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இடம் பெறாத சொற்களுக்கு மலாய் அகராதியை நாட வேண்டும். அங்கும் இல்லாதவற்றிற்கு ஜார்ஜ்டவுனின் பினாங்குத் தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் பழைய வணிகக் குடும்பத்து முதியோரைக் கண்டு கேட்கலாம். எஞ்சிய 12 வாரங்களில் 8 எழுதுவதற்கும் 4 சரிபார்ப்பதற்கும் உரியவை. சரிபார்க்கக் காலமே ஒதுக்காமல் இறுதி இரவில் அச்சுக் கடைக்கு ஓடுவதே நம் ஏடுகளில் மலிந்துள்ள பிழைகளுக்குத் தலையாய காரணம்.

எழுதும்போது முன்னுரையில் தொடங்காமல் நடு இயலில் தொடங்குவது நலம். எதனைக் கண்டோம் என்று தெரிந்த பின்னரே எதனைத் தேடினோம் என்று தெளிவாக எழுத இயலும். பாயிரம் நூலின் முகப்பில் நிற்பது. ஆயினும் நூல் முற்றிய பின்னரே அது முழுமை பெறுகிறது.

சான்றின் அருமை

உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபோது, தாம் ஒப்பிட்ட ஏட்டுப் பிரதிகளைப் பற்றியும் அவற்றின் நிலைமை பற்றியும் முகவுரையில் தெரிவித்தார். தமக்கு விளங்காத இடங்களை விளங்கியதுபோல் காட்டி அவர் மறைத்ததில்லை. இந்நேர்மையே ஆய்வின் முதல் ஒழுக்கம். நம் மாணவரின் ஏடுகளிலோ ‘அறிஞர் கூறுவர்’, ‘ஆய்வாளர் கருத்து’ என்பன போன்ற தொடர்கள் காணப்படுகின்றன. எந்த அறிஞர், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்பது இல்லை. பெயரற்ற அறிஞரை விடப் பெயருள்ள பாட்டியார் ஒருவரின் நேரடிச் சான்று ஆயிரம் மடங்கு மேலானது.

மலேசியத் தமிழ் இலக்கியத்தைப் பொறுத்தவரை சான்றுகளின் பெருங்களஞ்சியம் நாளிதழ்களும் வார இதழ்களுமே. சிறுகதைகளும் கவிதைகளும் முதலில் அங்கேயே வெளிவந்தன. பல நூலாக்கம் பெறாமலே போயின. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. 1950களின் தொடக்கத்தில் அதன் பக்கங்களில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, இந்நாட்டுச் சிறுகதை வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. பின்னர் கு. அழகிரிசாமி அவ்விதழில் பணியாற்றி இளம் எழுத்தாளர்க்கு வழிகாட்டினார். இச்செய்திகளை நாம் அனைவரும் மேடைகளில் கூறுகிறோம். அவ்வகுப்பில் தரப்பட்ட பாடங்கள் எவை, எழுதப்பட்ட கதைகள் எவை, திருத்தங்கள் எத்தகையவை என்று இதழைப் புரட்டிப் பார்த்து எழுதுவதற்கு எத்தனை பேர் முன்வருகிறோம்? பழைய ‘தமிழ் முரசு’ இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் படிக்கத் தந்துள்ளது. பினாங்கில் இருந்தவாறே அவற்றைப் படிக்கலாம். இனி, சான்று கிடைக்கவில்லை என்னும் சமாதானம் எல்லா இடத்தும் செல்லாது.

பினாங்கு மாணவர்க்கோ அவர் வாழும் ஊரே ஒரு நூலகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நாகூர் குலாம் காதிறு நாவலர் இங்கிருந்து ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை நடத்தினார். ஆங்கிலத்தில் அருவியின் பெயரால் வழங்கும் இடத்திற்குத் தமிழர் தண்ணீர்மலை எனப் பெயரிட்டு வழங்கி வருகின்றனர்; தெருக்களுக்கும் தமிழ்ப் பேச்சில் தனிப்பெயர்கள் உண்டு. அப்பெயர்களை அறிந்த தலைமுறை மறைந்து வருகிறது. அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பியல் கற்பித்த ரெ. கார்த்திகேசு, ‘வானத்து வேலிகள்’, ‘அந்திம காலம்’ முதலிய நாவல்களை எழுதி 2016இல் மறைந்தார். அவருடன் பழகியோர் இன்றும் இங்கு உள்ளனர். 2008இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகராக அறிவிக்கப்பட்டது. கட்டடங்களைக் காக்கும் ஏற்பாடுகள் உள்ளன. அக்கட்டடங்களுக்குள் பேசப்பட்ட தமிழைக் காக்க மாணவரின் குறிப்பேட்டினைத் தவிர வேறு ஏற்பாடு யாது?

பத்துக் குற்றமும் ஏழு மதமும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை நன்னூல் வகுத்துரைக்கிறது. அவற்றை இன்றைய ஆய்வேடுகளோடு ஒட்டிப் பார்த்தால், பவணந்தியார் நம் ஏடுகளைப் படித்துவிட்டே எழுதினாரோ என ஐயுறத் தோன்றும். இயல்தோறும் முன்னியலின் செய்தியைத் திரும்ப எழுதுவது கூறியது கூறல். ஒரு சிறுகதையை ஆராயப் புகுந்து சிறுகதையின் உலக வரலாற்றை 20 பக்கம் எழுதுவது மற்றொன்று விரித்தல். சொற்களை அடுக்கிப் பொருளின்றி முடிப்பது வெற்றெனத் தொடுத்தல். முதல் இயல் 30 பக்கமாகவும் இறுதி இயல் 4 பக்கமாகவும் மெலிந்து போவது சென்று தேய்ந்திறுதல். இப்பத்தினையும் ஒரு தாளில் எழுதி மேசைமீது வைத்துக்கொண்டு தம் ஏட்டைத் தாமே திருத்தும் மாணவர்க்கு மேற்பார்வையாளரின் பணி பாதி முடிந்துவிடும்.

நன்னூல் கூறும் ஏழு மதங்களும் இவ்வாறே பயன்படுவன. பிறர் கொள்கையை உடன்படுவதும், மறுப்பதும், முதலில் ஏற்றுப் பின் களைவதும், இருவர் மாறுபடுமிடத்து ஒரு பக்கம் துணிவதும் நூலாசிரியர்க்கு உரியவை என அது கூறுகிறது. நம் ஏடுகளிலோ உடன்படல் ஒன்றே காணப்படுகிறது. ஆசிரியர் கருத்தை மறுப்பது அவமதிப்பு என மாணவர் அஞ்சுகின்றனர். பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு. உரையாசிரியர்கள் தமக்கு முந்தியோரை மறுத்தே தம் உரைகளை வளர்த்தனர். சான்றுடன் மறுப்பதே முன்னோர்க்குச் செய்யும் உண்மையான மதிப்பு என்பதை மாணவர்க்கு உணர்த்துவது ஆசிரியரின் கடன்.

மொழி என்னும் தடை

தமிழ் இலக்கியத்தைப் பற்றி மலாயில் அல்லது ஆங்கிலத்தில் எழுதவேண்டிய சூழல் இந்நாட்டு மாணவர்க்கு நேர்வதுண்டு. இதனைக் குறையாக மட்டும் கருதுவது பொருந்தாது. ‘அழகிய நடை’ என்று தமிழில் எழுதிக் கடந்துவிடலாம். அதனையே மலாயில் எழுதும்போது, அழகு எதில் உள்ளது என்று விளக்க வேண்டியதாகிறது. வேற்று மொழியில் எழுதுவது கருத்தின் உறுதியைச் சோதிக்கும் உரைகல்லாக அமையும். ஆனால், மூலப் பகுதிகளைத் தமிழிலேயே தந்து அவற்றின்கீழ் மொழிபெயர்ப்பைத் தருதல் வேண்டும். இல்லையேல் பின்வரும் ஆய்வாளர்க்கு அவ்வேடு சான்றாகப் பயன்படாது.

மற்றொரு தடை இந்நாளில் தோன்றியுள்ளது. தலைப்பைக் கொடுத்தால் நொடிப்பொழுதில் பத்துப் பக்கம் எழுதித் தரும் கணினிக் கருவிகள் வந்துவிட்டன. அகன்ற தலைப்புகளுக்கு அவை மிக எளிதாக எழுதித் தரும். அத்தலைப்புகளில் எழுதப்பட்டவை முன்பே ஏராளமாக உள்ளன அல்லவா? பினாங்குத் தெருவின் முதியவரிடம் கேட்டறிந்த ஒரு சொல்லின் பொருளையோ, நூலாக்கம் பெறாத ஒரு கதையின் முதல் வடிவத்தையோ அவை தாமாகத் தர இயலா. ஆழ உழும் மாணவர்க்கு இக்கருவிகளால் அச்சமில்லை. அகல உழுவோர்க்கே அவை போட்டியாளர்.

ஆசிரியரின் பொறுப்பு

இவற்றையெல்லாம் மாணவரின் தலைமேல் மட்டும் சுமத்துவது நீதியாகாது. பள்ளியில் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கட்டுரை எழுதப் பழக்கியவர்கள் நாம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கற்பித்தோம். கேள்வி கேட்கக் கற்பித்தோமா? மனப்பாடம் செய்த அழகுத் தொடர்களுக்கு மதிப்பெண் தந்தோம். மாணவர் தாமே கண்ட ஒரு செய்திக்குத் தந்தோமா? பினாங்கின் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு மாணவர் தம் பாட்டியாரிடம் பழைய சொற்கள் பத்தினைக் கேட்டெழுதி வருவாராயின், அங்கேயே ஆய்வேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டுவிடுகிறது.

இளங்கலை மாணவரிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது மிகை என்பாருக்கு ஒரு விடை உண்டு. இங்கு எதிர்பார்க்கப்படுவது மிகுதியன்று; குறைவே. நூறு கதைகளுக்கு மாற்றாக ஐந்து கதைகள் போதும். ஐந்து கோட்பாடுகளுக்கு மாற்றாக ஒரு கேள்வி போதும். புகழுரை வேண்டாம், சரியான பக்க எண் போதும். அந்த ஒரு கேள்விக்கு நேர்மையான விடை கண்ட 60 பக்க ஏடு, எல்லாவற்றையும் தொட்டு எதனையும் பற்றாத 200 பக்க ஏட்டினும் உயர்ந்தது.

ஆய்வேடுகள் கட்டடம் செய்யப்பெற்று நூலக அடுக்கில் அமர்ந்துவிடுவதோடு அவற்றின் வாழ்வு முடிந்ததாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அங்கேதான் அது தொடங்குகிறது. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் தூசி தட்டி அவ்வேட்டை எடுப்பார். இன்று நின்றுபோன இதழின் ஒரு கதையைப் பற்றி, மறைந்துபோன ஓர் எழுத்தாளரைப் பற்றி, வழக்கொழிந்த ஒரு சொல்லைப் பற்றி அதில் தேடுவார். அவர் தேடுவது அங்கு இருக்குமா என்பதை இன்று பேனா எடுக்கும் மாணவரும் அவருக்கு வழிகாட்டும் ஆசிரியருமே முடிவு செய்கின்றனர். தமிழுக்கென வெள்ளி ஈந்த தொழிலாளர் நம்மிடம் கணக்குக் கேட்க வரமாட்டார்கள். வருங்கால மாணவர் கேட்பார்.